லைப்போசக்ஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் பண்ணக்கூடாத தப்புங்க: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

எனக்கு வயித்துக்கும் ரெண்டு பக்க இடுப்புக்கும் லைப்போசக்ஷன், அதாவது தோலுக்கு அடியில இருக்குற கொழுப்பை குழாய் விட்டு உறிஞ்சி எடுக்குற ஆபரேஷன், பண்ணி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. சேலம்தான், அழகாபுரம் பக்கம் வீடு, ஜவுளிக்கடையில கணக்கு எழுதுற வேலை. முதல்ல யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன், அப்புறம் ஒருத்தங்ககிட்ட சொல்ல, அவங்க இன்னொருத்தங்ககிட்ட சொல்லன்னு இப்ப வாரத்துக்கு ஒரு போனாச்சும் வந்துடுது, எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான், அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். நான் டாக்டர் இல்ல. இதுல இருக்குறது என் சர்ஜன் எனக்கு சொன்னது, நான் பட்டு தெரிஞ்சுகிட்டது, தேடித்தேடி படிச்சது. உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா அவர் பேச்சைத்தான் கேக்கணும், உங்க உடம்பைப் பாத்தவர் அவர்தான்.

நீங்க பண்ணதுலயே பெரிய தப்பு எது அக்கா?

வீட்ல சொல்லாம பண்ணது. அதுக்கு மேல ஒன்னும் இல்ல, மத்த எல்லா தப்பும் அதுல இருந்து வந்ததுதான்.

எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார், அவருக்கு மட்டும் தெரியும். வீட்ல நானும் எங்க அத்தையும் பையனும்தான். அத்தைகிட்ட சொன்னா என்ன நினைப்பாங்களோ, தெருவுல தெரிஞ்சா என்ன பேசுவாங்களோன்னு பயந்து, ஏற்காட்டுல ஆபீஸ் ட்ரெயினிங் அஞ்சு நாள்னு பொய் சொல்லிட்டேன். வியாழக்கிழமை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ், சனிக்கிழமை காலைல ஃப்ரெண்டு கார்ல ஏற்காடு. மேல போற ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வயிறு பூரா வீங்கி, ஆபரேஷன் பண்ண இடத்தை இறுக்கிப் பிடிக்கிற உள்ளாடையை (கார்மென்ட்னு சொல்லுவாங்க) போட்டுகிட்டு அந்த வளைவுல ஒவ்வொன்னா திரும்பும்போது எப்படி இருக்கும்னு நான் யோசிச்சே பாக்கல. 12வது வளைவுகிட்ட வாந்தி. வாந்தி எடுக்கும்போது வயிறு இழுத்த வலி இருக்கே, அதை இப்ப நினைச்சாலும் கை தானா வயித்துகிட்ட போகுது.

மேல போயும் சரியா தண்ணி குடிக்கல, ஏன்னா பாத்ரூம் போறதே பெரிய வேலையா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைல குளிரா இருக்கேன்னு நல்லா சுடுதண்ணி போட்டு, நின்னுகிட்டே கார்மென்டை மொத்தமா கழட்டினேன். கண்ணு இருட்டிகிட்டு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. நெத்தி பைப்புல இடிச்சு கீழ கிடந்திருக்கேன், ஃப்ரெண்டு டிஃபன் வாங்க போயிருந்தா, வந்து பாத்தப்புறம்தான் தெரியும். டாக்டருக்கு போன் பண்ணப்ப அவர் சொன்னது இதுதான்: இறுக்கமா இருந்ததை திடீர்னு கழட்டினா ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கும், உடம்புல தண்ணியும் இல்ல, சுடுதண்ணியும் சேந்து பிரஷர் டக்குனு இறங்கிடுச்சு, இது நிறைய பேருக்கு நடக்கும், அதனாலதான் முதல் தடவை கழட்டும்போது பக்கத்துல ஆள் இருக்கணும்னு எழுதியே குடுத்தேன்னார். குடுத்திருந்தார்தான். அந்த பேப்பரை அத்தை கண்ணுல படக்கூடாதுன்னு பீரோவுல புடவைக்கு அடியில வச்சுட்டு வந்திருந்தேன்.

அன்னைக்கே கீழ இறங்கி வந்து அத்தைகிட்ட சொன்னேன். அவங்க கேட்டது ஒன்னே ஒன்னுதான், "ஏங்கண்ணு, நான் உன்னைய அடிச்சா போடப்போறேன்?"

முதல் நாள் ராத்திரி துணைக்கு ஆள் கட்டாயம் வேணுமா, நான் நல்லாதான இருப்பேன்?

கட்டாயம் வேணும். முதல் 24 மணி நேரம் பெரியவங்க ஒருத்தர் கூடவே இருக்கணும். காரணம் சொல்றேன், இதை நிறைய பேர் தெரிஞ்சுக்குறதில்ல. கொழுப்பை எடுக்குறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணியில மரத்துப்போற மருந்தும் ரத்தக்குழாயை சுருக்குற மருந்தும் கலந்து லிட்டர் கணக்குல உள்ள ஏத்துவாங்க. 1987ல அமெரிக்காவுல ஜெஃப்ரி க்ளைன்னு ஒரு தோல் டாக்டர் எழுதி வெளியிட்ட முறை இது, அதுக்கு முன்னாடியெல்லாம் ரத்தம் நிறைய போகும். இந்த மரத்துப்போற மருந்து உடனே வெளிய போயிடாது, கொழுப்புல தங்கி கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கலக்கும், ரத்தத்துல அதோட அளவு உச்சத்துக்கு வர்றதே சுமார் 12 மணி நேரம் கழிச்சுதான், சிலருக்கு இன்னும் லேட்டாகும். அதாவது ஆஸ்பத்திரில தெளிவா பேசிட்டு வந்தவங்களுக்கு நடுராத்திரி பிரச்சனை வரலாம். நாக்கு, உதடு சுத்தி மரத்துப்போறது, வாயில இரும்பு மாதிரி ருசி, காதுல ஙொய்னு சத்தம், தலை கிறுகிறுப்பு, பேச்சு குழர்றது, உடம்பு துடிக்கிறது, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். தனியா படுத்திருந்தா இதை யார் பாப்பா? கொழுப்பும் நீரும் சேத்து அஞ்சு லிட்டருக்கு மேல எடுத்தவங்களை அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரிலயே வச்சுதான் பாக்கணும்னு சொல்றதும் இந்த மாதிரி காரணங்களுக்காகத்தான், உடம்புல நீர் அளவு ஏறி இறங்குறதையும் அவங்கதான் பாக்க முடியும். வீட்டுக்கு சீக்கிரம் போலாம்னு அடம் பிடிக்காதீங்க.

தையல் போட்ட இடத்துல இருந்து ரோஸ் கலர்ல தண்ணி ஒழுகிட்டே இருக்கு, பயமா இருக்கு

முதல் ரெண்டு நாள் அப்படித்தான் ஒழுகும். ஏத்துன தண்ணியில மிச்சம், கொஞ்சம் ரத்தம் கலந்து வருது. அது வெளிய வர்றது நல்லதுதான், வீக்கம் குறையும், சிலருக்கு இதுக்காகவே ஓட்டையை தைக்காமலே விடுவாங்க. இதைப் பாத்து பயந்து பஞ்சை வச்சு அடைச்சு இறுக்கி பிளாஸ்டர் போடுறதுதான் தப்பு. மெத்தையில ரப்பர் ஷீட் விரிச்சு மேல பழைய வேட்டி நாலா மடிச்சு போட்டுக்கோங்க, பேட் நனைஞ்சா மாத்திகிட்டே இருங்க. ஆனா கெட்டியா, நல்ல சிவப்பா நிக்காம ரத்தமாவே வந்துச்சுன்னா, இல்ல நாள் ஆக ஆக நாத்தம் அடிச்சா, அது வேற, உடனே டாக்டர்கிட்ட காட்டணும்.

கார்மென்ட் எவ்வளவு நாள் போடணும்? சேலம் வெயில்ல தாங்கவே முடியலையே

பொதுவா நாலுல இருந்து ஆறு வாரம், அதுல முதல் ரெண்டு மூணு வாரம் ராத்திரி பகல் ரெண்டும், குளிக்க மட்டும்தான் கழட்டணும். நான் பண்ணது ஜனவரி, அதனால தப்பிச்சேன். ஏப்ரல் மே மாசத்துல 40 டிகிரி அடிக்கிற ஊருல இதைப் போட்டுகிட்டு இருக்குறது கொடுமைதான், தேதி உங்க கையில இருந்தா கார்த்திகை மார்கழி தை மாசமா பாத்து வச்சுக்கோங்க, இது நான் எல்லாருக்கும் சொல்றது. வெயில் காலத்துலதான் லீவு கிடைக்குதுன்னா ரெண்டு செட் வாங்கிடுங்க, ஒன்னு துவைச்சு நிழல்ல காயும்போது இன்னொன்னு போட்டுக்கலாம். ஈரத்தோட போடவே கூடாது, இடுக்குல பூஞ்சை வந்துடும்.

இதுல நிறைய தப்பு நடக்குது. கடையில விக்கிற சாதா ஷேப்பர் வாங்கிப் போடுறது ஒன்னு. இறுக்கமா இருந்தா சீக்கிரம் ஒல்லியாவோம்னு ஒரு சைஸ் சின்னதா போடுறது இன்னொன்னு, கால் விரல் மரத்துப்போறது, நீலமாறது, மூச்சு விட கஷ்டமா இருக்கறது எல்லாம் இறுக்கம் ஜாஸ்தின்னு அர்த்தம். மடிப்பு விழுறதை கவனிக்காம விடுறதுதான் ரொம்ப பேர் பண்றது, உக்காரும்போது வயித்துகிட்ட துணி மடிஞ்சு கயிறு மாதிரி ஆகி அழுத்தும், அந்த இடத்துல பள்ளம் விழுந்து அப்படியே நின்னுடலாம், தோல் புண்ணாவும் ஆகலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு கையால நீவி விட்டுக்கணும். எங்க அத்தை, பிரசவத்துக்கு அப்புறம் வயித்துல துணி கட்டுற மாதிரி புடவையைக் கிழிச்சு இதுக்கு மேல ஒரு சுத்து சுத்தலாமான்னு கேட்டாங்க, வேணாம்னுட்டேன், துணி ஒரு இடத்துல இறுகி ஒரு இடத்துல லூசா இருக்கும். மூணாவது வாரத்துல வீக்கம் குறைஞ்சு கார்மென்ட் தொளதொளன்னு ஆகிடும், அப்ப டாக்டரைக் கேட்டு அடுத்த சைஸுக்கு மாறணும், பலபேர் கடைசி வரைக்கும் பழசையே போட்டுகிட்டு இருக்காங்க.

எப்ப குளிக்கலாம்?

ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு டாக்டர் சரின்னா குளிக்கலாம். சாப்ட்டு, தண்ணி குடிச்சு, கட்டில்ல படுத்துகிட்டே கொக்கியை கொஞ்சம் கொஞ்சமா கழட்டி, பத்து நிமிஷம் அப்படியே இருந்துட்டு அப்புறம் எந்திரிங்க. பாத்ரூம்ல பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்து வெதுவெதுன்னு குளிங்க, கதவுக்கு தாப்பா போடாதீங்க. தொட்டி, நீச்சல் குளம், கிணறு, அருவி எல்லாம் ஒரு மாசத்துக்கு வேணாம், ஏற்காட்டுல இருக்குற கிளியூர் அருவியைப் பத்தி ஒருத்தங்க கேட்டாங்க, தண்ணியை விடுங்க, அவ்வளவு படி இறங்கி ஏறவே கூடாது.

ஆபரேஷன் ஆச்சே, பத்து நாள் நல்லா படுத்து ரெஸ்ட் எடுக்கலாம்ல?

இல்லவே இல்ல. இதை நம்ம வீட்டு பெரியவங்களுக்கு புரிய வைக்கிறதுதான் கஷ்டம், பாசத்துல எந்திரிக்கவே விட மாட்டாங்க. அசையாம படுத்தே இருந்தா கால் ரத்தக்குழாயில ரத்தம் உறைஞ்சு கட்டியாகும், அந்த கட்டி பிரிஞ்சு நுரையீரலுக்கு போனா உயிருக்கே ஆபத்து. லைப்போசக்ஷன்ல உயிர் போற காரணங்கள்ல முக்கியமான ஒன்னு இது. அதனால ஆபரேஷன் அன்னைக்கு சாயந்தரமே ஆள் பிடிச்சுகிட்டு நடக்க வைப்பாங்க, வீட்டுக்கு வந்தப்புறம் முழிச்சிருக்குற நேரத்துல மணிக்கு ஒரு தடவை வாசல் வரைக்கும் போய் வந்தா போதும். படுத்திருக்கும்போது பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிகிட்டே இருங்க. நடக்கறதுன்னா நடக்கறதுதான், வீடு கூட்டுறது, குடம் தூக்குறது, மாவாட்டுறது, பையனைத் தூக்கி இடுப்புல வைக்கிறது எல்லாம் நாலஞ்சு வாரத்துக்கு இல்ல.

இன்னொன்னு, நம்ம ஊரு பொம்பளைங்களுக்காக சொல்றேன், கால் கொலுசையும் மெட்டியையும் ஆபரேஷனுக்கு முன்னாடி கழட்டச் சொல்லுவாங்க, வீட்டுக்கு வந்ததும் வெறுங்காலா இருக்குன்னு திரும்ப மாட்டிடாதீங்க. வயித்துல தொடையில இருக்குற நீரெல்லாம் கீழ இறங்கி கணுக்கால் நல்லா வீங்கும். எனக்கு தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க செவ்வாய்ப்பேட்டையில எடுத்த அழுத்தமான கொலுசை மூணாவது நாள் போட்டு, அஞ்சாவது நாள் கழட்ட முடியாம பட்டறைக்கு போய் வெட்டி எடுத்தாங்க. ரெண்டு காலும் சமமா வீங்குறது இதுல சகஜம், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா அது சகஜம் இல்ல.

பத்தியம் இருக்கணுமா? தண்ணி குடிச்சா சீழ் வைக்கும்னு சொல்றாங்களே

எங்க வீட்லயும் சொன்னாங்க. அரை டம்ளர் தண்ணிதான் குடுப்பேன்னு எங்க அத்தை நின்னாங்க, அப்புறம் டாக்டரையே போன்ல பேச வச்சேன். தண்ணிக்கும் சீழுக்கும் சம்பந்தம் இல்ல, சீழ் கிருமியால வர்றது. உடம்புல இருந்து நீர் வெளிய போயிட்டே இருக்கு, தண்ணி குடிக்கலன்னா மயக்கம், மலச்சிக்கல், ரத்தம் கட்டுற ஆபத்து எல்லாம் சேந்து வரும். இளநீர், மோர், ரசம் எல்லாம் குடிங்க. முட்டை, மீன், பருப்பு, சுண்டல் நல்லா சாப்பிடுங்க, புண்ணு ஆற புரதம் வேணும், முட்டை சாப்ட்டா புண்ணு ஆறாதுன்னு சொல்றது நேர் எதிர். குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், சாயந்தரம் வாங்கிட்டு வர்ற தட்டுவடை செட் எல்லாம் வீக்கத்தை பிடிச்சு வைக்கும், ஒரு மாசம் பொறுத்துக்கலாம். ஜவ்வரிசி கஞ்சி முதல் ரெண்டு நாள் வயித்துக்கு இதமா இருக்கும்தான், ஆனா அதுல வெறும் மாவுச்சத்துதான், அதையே சாப்பாடா வச்சுக்காதீங்க.

வலி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மலச்சிக்கல் வரும், முக்கவே கூடாது, முதல் நாள்லயே டாக்டர்கிட்ட அதுக்கு மருந்து கேட்டு வாங்கிக்கோங்க. நான் வெக்கப்பட்டு கேக்காம நாலு நாள் கஷ்டப்பட்டேன்.

வீக்கத்துக்கு விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் குடுக்கலாமா?

கூடாது. லைப்போ பண்ண இடத்துல தோல் வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல மரத்துப்போயே இருக்கும், சூடு தெரியாது. மத்த நாள்ல கை வச்சா சுருக்குன்னு இழுத்துக்குற சூட்டுல கூட அப்படியே வச்சுகிட்டு இருப்பீங்க, கொப்பளம் வந்தப்புறம்தான் தெரியும். ஹாட் வாட்டர் பேக், சூடு பண்ண துணி, இஸ்திரி பெட்டி வச்சு ஒத்தடம், எதுவுமே வேணாம். ஐஸ்கட்டியை நேரா தோல் மேல வைக்கிறதும் அதே தப்புதான், தோல் கருகிடும். மஞ்சள் பத்து, மூலிகை எண்ணெய் எல்லாம் தையல் ஓட்டைகிட்ட போனா கிருமி உள்ள போக வழி போட்டுக் குடுக்கறதுதான். நீலமும் பச்சையுமா கன்னிப்போனது ரெண்டு வாரத்துல தானா மஞ்சளாகி மறையும், வயித்துல பண்ணது தொடைக்கும் அடிப்பக்கத்துக்கும் இறங்கி அங்க கருநீலமா தெரியும், பயப்பட வேணாம். அந்த நேரத்துல வெயில் மட்டும் படாம பாத்துக்கோங்க, நம்ம தோலுக்கு கருப்பு அப்படியே தங்கிடும்.

மெடிக்கல் ஷாப்புல வலி மாத்திரை வாங்கி போட்டுக்கலாமா?

டாக்டர் எழுதிக் குடுத்ததைத் தவிர எதுவும் வேணாம். கடையில உடம்பு வலின்னா உடனே ரெண்டு மருந்து கலந்த மாத்திரையை கிழிச்சு குடுத்துடுவாங்க, அதுல இருக்குற வலி மருந்து ரத்தக்கசிவை அதிகமாக்கலாம், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எல்லாம் அப்படித்தான். டாக்டர் பாரசிட்டமால் எழுதியிருந்தா அதோட அதே பாரசிட்டமால் கலந்த சளி மாத்திரையையும் சேத்துப் போட்டு டோஸ் ஏறிடாம பாருங்க. ஆனா நெஞ்சுக்கோ பிரஷருக்கோ ஏற்கனவே மாத்திரை சாப்பிடுறவங்க அதை நீங்களா நிறுத்தக்கூடாது, சர்ஜன்கிட்ட சொல்லி கேளுங்க.

பீரியட்ஸ் தள்ளிப்போட போடுற மாத்திரை பத்தி யாருமே பேசறதில்ல. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வருது, கல்யாணம் வருதுன்னு நம்ம வீடுகள்ல கேக்காமலே வாங்கி போட்டுக்குறோம். அது ஹார்மோன் மாத்திரை, ரத்தம் கட்டுற ஆபத்தை கூட்டலாம், கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் டாக்டர்கிட்ட சொல்லாம தொடாதீங்க.

ஆபரேஷன் பண்ணி ஒரு வாரம் ஆச்சு, வெயிட் ரெண்டு கிலோ ஏறியிருக்கு, ஏமாத்திட்டாங்களா?

இல்லம்மா. அது நீர். வீக்கம் முதல் வாரம் பூரா ஏறிகிட்டு, அப்புறம் மெதுவா இறங்கி, ஒன்றரை மாசத்துல ஓரளவு, மூணுல இருந்து ஆறு மாசத்துலதான் முழுசா உருவம் தெரியும். வெயிட் மெஷினை ஒரு மாசத்துக்கு கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க. இது எடை குறைக்கிற ஆபரேஷனே இல்ல, ஒரு இடத்துல இருக்குற கொழுப்பை எடுத்து வடிவம் சரி பண்றது மட்டும்தான், அதை முதல்லயே புரிஞ்சுகிட்டவங்க இந்த ஒரு வாரத்துல அழ மாட்டாங்க.

தொட்டா கட்டி கட்டியா இருக்கு, மசாஜ் பண்ணா கரையுமா?

கெட்டியா, மேடு பள்ளமா தட்டுப்படறது ஆறுற விதம்தான், வாரம் ஆக ஆக இளகும். டாக்டர் சரின்னு சொன்னப்புறம், பயிற்சி எடுத்தவங்க கையால பூ மாதிரி மெல்ல நீவுற மசாஜ் இருக்கு, நிணநீர் வடியறதுக்கு. அதை விட்டுட்டு சுளுக்கு எடுக்குறவங்ககிட்டயும் பார்லர்லயும் போய் அழுத்தி தேய்க்க விடாதீங்க. தட்டினா தண்ணி பை மாதிரி தளும்புச்சுன்னா உள்ள நீர் கட்டியிருக்கு, அதை டாக்டர் ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பார், சின்ன வேலை. வீட்ல ஊசியால குத்திப் பாக்கலாமான்னு கேட்ட ஒருத்தங்களை நான் போன்லயே திட்டிட்டேன்.

எது வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

இதை மட்டும் வீட்ல எல்லாரையும் படிக்க வைங்க. மூச்சு வாங்குது, நெஞ்சு வலி, இருமினா ரத்தம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா வலிக்குது. முதல் மூணு நாளுக்குள்ள மூச்சுத்திணறலோட ஆள் குழப்பமா பேசுறாங்க, நெஞ்சுல அக்குள்ல பொடிப்பொடியா சிவப்பு புள்ளி தெரியுது, இது கொழுப்புத் துளி ரத்தத்துல போனதால இருக்கலாம். காய்ச்சல் 100.4க்கு மேல. தையல்கிட்ட சிவப்பு நேத்தைக்கு விட இன்னைக்கு பரவியிருக்கு, வெளிய பாக்க ஒன்னும் பெருசா இல்ல ஆனா வலி தாங்க முடியல, தோல் கருக்குது. வயிறு பலகை மாதிரி கெட்டியாகி வாந்தி நிக்கல. யூரின் போகல. இதுல ஒன்னு வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு விடக்கூடாது, 108 கூப்பிடுங்க, டாக்டர் போன் எடுக்கலன்னு காத்திருக்காதீங்க, பக்கத்துல எமர்ஜென்சி எங்க இருக்கோ அங்க போய் லைப்போசக்ஷன் பண்ணி இத்தனை நாள் ஆச்சுன்னு வெளிப்படையா சொல்லுங்க. வெக்கப்பட்டு வேற ஏதோ வயித்து ஆபரேஷன்னு மழுப்புறவங்க இருக்காங்க, டாக்டருக்கு அங்கயே நேரம் போயிடுது. டிஸ்சார்ஜ் பேப்பரை கையில கொண்டு போங்க.

ஏற்காடு குளுகுளுன்னு இருக்குமே, அங்க போய் ரெஸ்ட் எடுத்தா நல்லதுதானே?

கார்மென்ட் போட குளிர் வசதிதான், நானும் அப்படி நினைச்சுதான் போனேன். ஆனா ராத்திரி ஒன்னுன்னா அந்த வளைவெல்லாம் இறங்கி சேலம் வர முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகிடும், பனி இருந்தா இன்னும் மெதுவா. முதல் ரெண்டு வாரம் உங்க ஆஸ்பத்திரிக்கு கிட்டயே இருங்க. அதுக்கப்புறம் போய் ஏரியைச் சுத்தி மெதுவா நடங்க, ரொம்ப நல்லா இருக்கும். பஸ்லயோ கார்லயோ தூரமா போறதா இருந்தா மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்கணும். ஸ்கூட்டி ஓட்டுறதை ரெண்டு வாரம் தள்ளிப்போடுங்க, வலி மாத்திரை தூக்கம் வர்ற வகையா இருந்தா அது நிக்கிற வரைக்கும் எந்த வண்டியும் தொடாதீங்க.

அக்கா நான் பையன், நெஞ்சு பெருசா இருக்குன்னு பண்ணேன், ஜிம் எப்ப போலாம்?

தம்பி, நடக்கறது முதல் நாள்ல இருந்தே, லேசான பயிற்சி ரெண்டு மூணு வாரத்துக்கு அப்புறம், வெயிட் தூக்குறது, தண்டால் எல்லாம் டாக்டர் பாத்துட்டு ஓகே சொன்னப்புறம், பெரும்பாலும் ஆறு வாரம் ஆகும். அவசரப்பட்டு கையைத் தூக்கி வேலை செஞ்சா உள்ள ரத்தம் கட்டி திரும்ப வீங்கும். பசங்க சட்டைக்குள்ள கார்மென்ட் தெரியுதுன்னு காலேஜுக்கு கழட்டிட்டு போறீங்க, அது வேணாம்ப்பா. சிகரெட்டும் சரி, உதட்டுல வைக்கிற புகையிலையும் சரி, முன்னாடி நாலு வாரம் பின்னாடி நாலு வாரம் கூடவே கூடாது, நிக்கோட்டின் ரத்தக்குழாயை சுருக்கி தோலுக்கு ரத்தம் போக விடாம பண்ணிடும். சரக்கும் மாத்திரை நிக்கிற வரைக்கும் இல்ல.

வேலைக்கு எப்ப போனீங்க?

பத்தாவது நாள். உக்காந்து பாக்குற வேலை, அதனால முடிஞ்சது, அதுலயும் முதல் வாரம் அரை நாள்தான். நின்னுகிட்டே பாக்குற வேலை, தறி வேலைன்னா இன்னும் ஒரு வாரம் ரெண்டு வாரம் சேத்து லீவு கேளுங்க.

எதுக்குடா பண்ணோம்னு இருக்கு, சும்மா சும்மா அழுகை வருது

எனக்கும் வந்துச்சு, அஞ்சாவது நாள்ல இருந்து பன்னெண்டாவது நாள் வரைக்கும். கண்ணாடியில பாத்தா முன்ன இருந்ததை விட பெருசா, கன்னிப்போய், கோணலா தெரியும், காசு போச்சே, குடும்பத்துக்கு செலவு பண்ணியிருக்கலாமேன்னு தோணும். மருந்தோட அசதி, தூக்கம் இல்லாதது, வலி எல்லாம் சேந்து பண்ற வேலை அது. அந்த நேரத்துல போன்ல அடுத்தவங்க போட்டோவைப் பாத்து ஒப்பிடாதீங்க, அதுங்க ஆறு மாசம் கழிச்சு எடுத்தது. சரியா வரலன்னு ரெண்டாவது தடவை பண்ணலாமான்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடி நல்ல சர்ஜன் யாரும் திரும்ப கை வைக்க மாட்டார். ரெண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு தூக்கம் இல்லாம இருந்தா டாக்டர்கிட்ட அதையும் சொல்லுங்க, அதுவும் உடம்பு சரியில்லாததுதான்.

எடுத்த கொழுப்பு திரும்ப வருமா?

எடுத்த செல்லு வராது. மிச்சம் இருக்குற செல்லு சாப்ட்டா பெருசாகும், வயித்துல இல்லன்னா கையில முதுகுல போய் சேரும். எனக்கு முதல் வருஷம் மாம்பழ சீசன்ல மூணு கிலோ ஏறுச்சு, இப்ப தினமும் காலைல நடக்குறேன்.

சரி அக்கா, வீட்ல எப்படி சொல்றது, அதைத்தான் முடியல

எல்லாருக்கும் சொல்ல வேணாம். தெருவுக்கு, சொந்தக்காரங்களுக்கு, ஆபீசுக்கு சொல்லணும்னு எந்த அவசியமும் இல்ல, அது உங்க உடம்பு. ஆனா அந்த ஆறு வாரம் உங்க கூட அதே கூரைக்கு கீழ இருக்குற ஒருத்தருக்கு தெரிஞ்சே ஆகணும். அழகுக்கா, அவசியமான்னு வாதாட உக்காராதீங்க, அதுல ஜெயிக்க முடியாது. "எனக்கு ஒரு ஆபரேஷன் இருக்கு, இந்த தேதி, இந்த ஆஸ்பத்திரி, அன்னைக்கு ராத்திரி நீங்க என் கூட படுக்கணும்"னு வேலையைச் சொல்லிக் கேளுங்க, நம்ம ஊரு பெரியவங்க வேலைன்னு குடுத்தா தட்ட மாட்டாங்க. நான் கீழ இறங்கி வந்த அன்னைக்கு ராத்திரி எங்க அத்தை என் கட்டிலுக்கு பக்கத்துல பாய் போட்டு படுத்தாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு டார்ச் அடிச்சு பாத்தாங்க, தண்ணி குடுத்தாங்க, கொக்கி போடத் தெரியாம முதல்ல ரெண்டு நாள் திணறி அப்புறம் என்னைய விட வேகமா போடக் கத்துகிட்டாங்க. பீரோவுல ஒளிச்சு வச்சிருந்த அந்த பேப்பரை எடுத்து, ஆஸ்பத்திரி நம்பரையும் எது வந்தா ஓடணும்ங்கறதையும் பெரிய எழுத்துல தமிழ்ல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினேன். நீங்க ஆபரேஷனுக்கு போறதுக்கு முதல் நாளே ஒட்டிட்டு போங்க.